முதல் பாகத்திலேயே எல்லாம் சுபம். இரண்டாம் பாகத்துக்குக் கதை எங்கிருந்து வரும்?

கேள்வி: குடும்ப நகைச்சுவைக் கதை ஒன்றுக்கு இரண்டாம் பாகம் எழுத நினைக்கிறேன். முதல் பாகத்திலேயே பிரச்சினை தீர்ந்து குடும்பம் ஒன்றாகிவிட்டது. இனி கதையை எங்கிருந்து எடுப்பது? பழைய பாத்திரங்களுக்கு என்ன வேலை கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் காட்டுகிற படம் 2017-இல் வந்த ‘பேடிங்டன் 2’. பால் கிங் இயக்கியது. அவரும் சைமன் ஃபார்னபியும் சேர்ந்து எழுதியது. பெரு நாட்டுக் காட்டிலிருந்து லண்டனுக்கு வந்த, நீலக் கோட்டும் சிவப்புத் தொப்பியும் போட்ட கரடிக்குட்டிதான் நாயகன். மைக்கேல் பாண்ட் 1958-இல் வெளியிட்ட புத்தகத்தில் பிறந்த பாத்திரம் அது. சின்னப் பிள்ளைகள் படம்தானே என்று தயவுசெய்து தள்ளிவிடாதீர்கள். திரைக்கதைக் கட்டுமானத்தில் இவ்வளவு கச்சிதமான இரண்டாம் பாகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முடிவு வரை சொல்லித்தான் விளக்க முடியும், ஆகவே பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

2014-இல் வந்த முதல் படத்தின் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வீடு இந்தக் கரடியை ஏற்றுக்கொள்ளுமா? அப்பா ஹென்றி பிரவுன் முதலில் முகம் சுளிக்கிறார், கடைசியில் பேடிங்டன் எங்கள் வீட்டுப் பிள்ளை என்கிறார். கதை அங்கே முழுசாக முடிந்துவிட்டது. இப்படி முடிந்த கதைக்குத் தொடர்ச்சி எழுதும்போது யாருக்கும் முதலில் தோன்றுவது, சேர்ந்ததை மறுபடி பிரிப்பது. அப்பாவுக்குத் திரும்பவும் சந்தேகம் வரும், கரடி கோபித்துக்கொண்டு வெளியேறும், கடைசியில் கட்டிப்பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் முதல் படத்தில் பார்வையாளர் அழுத அழுகைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

இன்னொரு வழி, அதே கதையைப் பெரிய ஊருக்குக் கொண்டுபோவது. 1992-இல் வந்த ‘ஹோம் அலோன் 2’ இதற்கு நல்ல உதாரணம். சிகாகோ புறநகர் வீட்டில் தனியாக விடப்பட்ட கெவின், இந்த முறை விமானம் மாறி நியூயார்க் போய்ச் சேர்கிறான். அதே இரண்டு திருடர்கள். முதல் படத்தில் அவன் பார்த்துப் பயந்து பிறகு நட்பான பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பதிலாக, இங்கே சென்ட்ரல் பூங்காவில் புறாக்களோடு இருக்கும் ஒரு பெண்மணி. பொறிகள் இன்னும் பலம், அடி இன்னும் பலம். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அம்மா பாத்திரத்தைப் பாருங்கள். பிள்ளையைத் தொலைத்துவிட்டுப் பதறித் திரும்ப ஓடிவருவதை விட்டால் அவளுக்கு வேறு வேலையே இல்லை. முதல் படத்தில் அவள் கற்றுக்கொண்டது எதுவும் இங்கே அவளுக்குத் துணைக்கு வரவில்லை. சம்பவங்கள் அதே வரிசையில் திரும்ப வந்தால், மனிதர்களும் பழைய இடத்துக்கே போய் நின்றாக வேண்டும். அதுதான் இந்த முறையின் விலை.

‘பேடிங்டன் 2’ குடும்பத்தைத் தொடவே இல்லை. பிரவுன் குடும்பத்துக்கு அவன்மேல் ஒரு நொடிகூடச் சந்தேகம் வருவதில்லை. எழுத்தாளர்கள் செய்தது, கேள்வியை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோனது. வீடு ஏற்றுக்கொண்டது சரி, தெரு? ஊர்? சட்டம்? வீட்டுக்காரர்கள் நம்பினால் மட்டும் போதுமா? இந்த ஒரு நகர்த்தலில்தான் இரண்டாம் பாகத்துக்கான கதை கிடைக்கிறது. உங்கள் கதையிலும் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: முதல் பாகத்தில் வென்றதை அப்படியே வைத்துக்கொண்டு, அது இன்னும் செல்லாத இடம் எது?

அடுத்தது நாயகனின் ஆசை. அது எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று கவனியுங்கள். பெருவில் அவனை வளர்த்த லூசி அத்தைக்கு நூறாவது பிறந்தநாள் வருகிறது, அவளுக்கு ஒரு பரிசு வாங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்ன ஆசைக்குக் கீழே ஒரு பெரிய கடன் இருக்கிறது. படத்தின் முதல் காட்சியில் லூசியும் அவள் கணவரும் லண்டனுக்குப் புறப்படத் தயாராக இருக்கிறார்கள். ஆற்றில் ஒரு குட்டி அடித்துக்கொண்டு வருகிறது. லூசி கயிற்றில் தொங்கி இறங்கி அதைக் காப்பாற்றுகிறாள். குட்டியை வளர்க்க வேண்டும் என்பதால் லண்டன் பயணம் அத்தோடு போகிறது. ஆக, பழம்பொருள் கடையில் பேடிங்டன் கண்டெடுக்கிற அந்த மடிப்புப் படப் புத்தகம், விரித்தால் லண்டனின் கட்டடங்கள் காகிதத்தில் எழுந்து நிற்கும் புத்தகம், அவள் அவனுக்காக விட்டுக்கொடுத்த ஊர். அத்தை அந்தக் காகித லண்டனுக்குள் நடந்துபோவதாக அவன் கற்பனை செய்கிற காட்சி என் மனதுக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு பொருள் கதையை நகர்த்தவும் வேண்டும், மனதையும் தொட வேண்டும் என்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு கடன் இருக்க வேண்டும்.

புத்தகம் வாங்கக் காசில்லை, வேலைக்குப் போகிறான். முடிதிருத்தும் கடையில் ஒரு பெரியவரின் தலையில் தவறுதலாக மிஷினை ஓட்டிவிடுகிறான். சிரித்து முடித்து மறந்துவிடுவோம். பிறகு அந்தப் புத்தகம் திருடுபோய், பழி பேடிங்டன்மேல் விழுந்து வழக்கு நடக்கும்போது, நீதிபதி இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் அதே பெரியவர்! பின்னால் வரப்போவதற்கு முன்கூட்டியே விதை போடுவதை லீட் கொடுப்பது என்று சினிமாக்காரர்கள் சொல்கிறார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. லீட் கொடுக்கும் காட்சி அந்த இடத்தில் தனியாக நின்றும் சிரிக்க வைக்கிறது. பின்னால் வரப்போகும் ஏதோ ஒன்றுக்காக வைக்கப்பட்டது என்ற வாசனையே அதில் இல்லை.

பாத்திரங்களின் வேலைப்பங்கீட்டில்தான் இந்தப் படம் அசர வைக்கிறது. தொடக்கத்திலேயே பேடிங்டன் அத்தைக்கு எழுதும் கடிதத்தின் வழியாகக் குடும்பத்தார் ஒவ்வொருவரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஒரு சுற்று காட்டிவிடுகிறார்கள். அம்மா மேரி ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கப் பயிற்சி எடுக்கிறாள். அப்பாவுக்கு வேலையில் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அந்த ஏமாற்றத்தில் உடலை வளைக்கும் யோகா வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். மகள் ஜூடி சொந்தமாகச் செய்தித்தாள் அச்சிடுகிறாள். மகன் ஜோனதனுக்கு நீராவி ரயில் என்றால் உயிர், ஆனால் பள்ளியில் கெத்தாகத் தெரிய வேண்டும் என்று அதை மறைக்கிறான். பார்க்கும்போது இவை வெறும் குணச்சித்திரத் துணுக்குகள். கிளைமாக்ஸில் இரண்டு நீராவி ரயில்கள் துரத்தும்போது ரயிலைப் பற்றித் தெரிந்தவன் ஜோனதன். இரண்டு ரயில்களுக்கு நடுவே காலை அகட்டி நிற்க வேண்டியவர் அப்பா. பேடிங்டன் பூட்டிக் கிடக்கும் பெட்டி ஆற்றில் விழும்போது குதிப்பவள் மேரி.

இங்கே முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த குட்டியை அன்றைக்கு ஒரு தாய் காப்பாற்றினாள். இன்றைக்கு இன்னொரு தாய் தண்ணீருக்குள் அவன் கையைப் பிடிக்கிறாள். எந்த வசனமும் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. சிறுவர்கள்கூட அதைத் தானாக உணர்ந்துகொள்கிறார்கள், என் அக்கா மகளோடு பார்த்தபோது அதைக் கண்ணால் கண்டேன்.

பிரவுன் குடும்பம் வசிக்கும் விண்ட்சர் கார்டன்ஸ் தெருக்காரர்களுக்குக் கிடைப்பது மொத்தமாகச் சில நிமிடங்கள்தான். ஒரு டாக்டர் தினமும் சாவியை மறந்துவிட்டுக் கதவைச் சாத்தப் பார்ப்பார், பேடிங்டன் நினைவுபடுத்துவான். குப்பை வண்டி ஓட்டுபவர் டாக்சி ஓட்டுநர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார், பேடிங்டன் கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுப்பான். தனிமையில் வாடும் ஒரு கர்னலின் ஜன்னலைத் துடைத்துவிட, பல நாள் இருண்டிருந்த அறைக்குள் வெளிச்சம் வருகிறது. அவன் சிறைக்குப் போன பிறகு அதே தெரு, அதே காலை, அதே மனிதர்கள் மறுபடி காட்டப்படுகிறார்கள். டாக்டர் வீட்டுக்கு வெளியே நிற்கிறார். தெரு களையிழந்து கிடக்கிறது. நாயகன் நல்லவன் என்று யாரும் சொல்லவே இல்லை. அவன் இல்லாத தெருவைக் காட்டினார்கள், போதும். துணைப் பாத்திரத்துக்குக் காட்சி நேரம் குறைவு என்று கவலைப்படாதீர்கள். அவருக்கு ஒரு சின்னக் குறை, அதை நிரப்ப நாயகன் செய்யும் ஒரு சின்ன உதவி, உதவி நின்றால் என்ன ஆகும் என்று ஒரு காட்சி. இந்த மூன்றும் இருந்தால் ஒரு நிமிடப் பாத்திரமும் மனதில் நிற்கும்.

நம்மூர்க் கணக்கில் இடைவேளை வைத்தால், செய்யாத திருட்டுக்குப் பத்து வருடம் தண்டனை கிடைத்துச் சிறைக் கதவு மூடும் இடத்தில் வைக்கலாம். சிறையில் எல்லாரும் நடுங்குகிற சமையல்காரன் நக்கிள்ஸ், பிரெண்டன் கிளீசன் நடித்தது. பேடிங்டனின் மார்மலேட் (ஆரஞ்சுப் பழ ஜாம்) சாண்ட்விச் ஒன்றைத் தின்றதும் அவன் முகம் மாறுகிறது. பிறகு கைதிகள் ஒவ்வொருவராகத் தங்களுக்குத் தெரிந்த பலகாரத்தைச் சொல்லத் தொடங்க, சிறைச் சாப்பாட்டுக் கூடமே தேநீர்க் கடை போல ஆகிவிடுகிறது. நாயகன் மாற வேண்டும், பாடம் கற்க வேண்டும் என்று திரைக்கதைப் பயிற்சியில் ஒரு விதி போலச் சொல்வார்கள். பேடிங்டன் மாறவே மாட்டான். அன்பாகவும் மரியாதையாகவும் நடந்துகொண்டால் எல்லாம் சரியாகும் என்று அத்தை சொன்னதைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருப்பான். மாறுவது அவன் போகிற இடம். முதல் பாகத்தில் நாயகன் முழுமை அடைந்துவிட்டான் என்றால், இரண்டாம் பாகத்தில் மாற்றத்தை அவனைச் சுற்றியிருப்பவர்களிடம் கொடுங்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

மாறாத நாயகனையும் உடைக்கும் ஒரு இடம் வேண்டுமே. அதை எவ்வளவு நுட்பமாகச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். வெளியே இருப்பவர்கள் நாளாக நாளாக மறந்துவிடுவார்கள் என்று கைதிகள் எச்சரிக்கிறார்கள். ஒரு நாள் குடும்பம் பார்க்க வரவில்லை. அவர்கள் வராததற்குக் காரணம், அவனை விடுவிக்க ஆதாரம் தேடி, புத்தகத்தை உண்மையில் திருடிய வில்லனின் வீட்டுக்குள் போயிருந்ததுதான். நமக்கு அது தெரியும், அவனுக்குத் தெரியாது. அந்த மனநிலையில்தான் தப்பித்துப் போகச் சம்மதிக்கிறான். யாரையும் கெட்டவராக்காமல், சண்டை போட வைக்காமல், அன்பின் காரணமாகவே ஒரு பிரிவு. குடும்பப் படத்துக்கு முறிவுக் காட்சி எழுதுபவர்கள் இந்தப் பத்து நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

வில்லன் ஃபீனிக்ஸ் புக்கனனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஹியூ கிராண்டுக்கு பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரைப்பட விருதில் துணை நடிகர் பரிந்துரை வாங்கிக்கொடுத்த பாத்திரம். ஒரு காலத்தில் பேர் வாங்கிய நடிகன், இப்போது நாய் உணவு விளம்பரத்தில் நடித்துப் பிழைக்கிறான். பேடிங்டன் ஆசைப்படும் அதே புத்தகத்தைத்தான் இவனும் தேடுகிறான், அதில் ஒளிந்திருக்கும் புதையல் குறிப்புகளுக்காக. ஒருவன் அதை இன்னொருவருக்குக் கொடுக்க நினைக்கிறான், மற்றவன் தானே நடிக்கும் தனிநபர் நாடகத்துக்குப் பணம் சேர்க்க நினைக்கிறான். பரணில் பழைய வேடங்களை மாட்டிவைத்து அவற்றோடு பேசுகிறவன் அவன். ஊர் முழுக்க நண்பர்கள் உள்ள நாயகனுக்கு எதிரே, தன்னைத் தவிர வேறு யாரோடும் நடிக்க முடியாத ஒருவன். முதல் பாகத்து வில்லி பேடிங்டனைப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைக்கத் துடித்தவள், அவளைவிடப் பயங்கரமான ஒருவரைத் தேடி இவர்கள் போகவில்லை. இரண்டாம் பாகத்து வில்லன் இந்தக் கதையின் கேள்விக்கு நேர் எதிரில் நிற்க வேண்டும், பலம் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை.

2024-இல் வந்த மூன்றாம் படத்தில் எல்லாரும் பெருவுக்குப் போகிறார்கள். இயக்குநர் வேறு. அழகான படம்தான், ஆனால் எனக்கு அதில் அந்தத் தெரு இல்லாதது பெரிய குறையாகத் தெரிந்தது. டாக்டரும் கர்னலும் இல்லாத இடத்தில் பேடிங்டனின் உதவிகள் வேர் பிடிக்க மண் கிடைக்கவில்லை.

உங்கள் கதைக்கு நான் சொல்லும் முதல் வேலை: முதல் பாகத்தில் ஓரிரு காட்சியில் வந்துபோன பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், உறவினர் பேரையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் நேராக, உங்கள் நாயகன் இல்லாவிட்டால் அவர்களுடைய காலைப்பொழுது எப்படிப் போகும் என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். எந்த வரி எழுதும்போது உங்களுக்கே மனம் கனக்கிறதோ, அந்த ஆளிடமிருந்து இரண்டாம் பாகத்தைத் தொடங்கலாம். எழுதிய பிறகு இங்கேயே கீழே போடுங்கள், நிச்சயம் படித்துச் சொல்கிறேன்.