வேற்று அணு நுழைந்தால் உலோகம் ஏன் உறுதியாகிறது? கேள்வி பதில்

சுத்தமான உலோகம்தானே பலமாக இருக்க வேண்டும்? வேறொன்றைச் சேர்த்தால் எப்படி உறுதி கூடுகிறது?

சுத்தமாக இருப்பதுதான் பிரச்சினையே. ஓர் அணு அடுக்கு மொத்தமாக இன்னொன்றின் மேல் வழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 1926இல் இயற்பியலாளர் ஃபிரெங்கெல் கணக்குப் போட்டார். நிஜத்தில் சுத்தமான படிகங்கள் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசைக்கே வளைந்துவிடுகின்றன! காரணத்தை 1934இல் டெய்லர், ஒரோவான், பொலான்யி மூவரும் தனித்தனியே சொன்னார்கள்: படிகத்துக்குள் 'டிஸ்லொகேஷன்' என்ற கோடு போன்ற குறை உண்டு. புழு முதுகை வளைத்து ஊர்வதுபோல அது ஒவ்வொரு வரிசையாக நகரும். அதற்குச் சொற்ப விசை போதும். அந்தக் கோட்டை மறிப்பதுதான் சேர்க்கிற அணுவின் வேலை.

தங்கத்தில் வெள்ளியைவிடச் செம்பு சேர்த்தால் அதிகம் கடினமாவது ஏன்?

அளவுதான். தங்க அணுவின் ஆரம் சுமார் 144 பிக்கோமீட்டர். வெள்ளியும் கிட்டத்தட்ட அதே. செம்போ 128தான். அது உட்கார்ந்த இடத்தில் சுற்றியுள்ள அணுக்கள் உள்ளே இழுபடும். அந்த இழுபறியில் டிஸ்லொகேஷன் சிக்கித் திணறும். வெள்ளி வந்து உட்கார்ந்தால் அக்கம்பக்கத்து அணுக்கள் அவ்வளவாக அசைவதேயில்லை.

இரும்பில் துளி கார்பன் மட்டும் அவ்வளவு செய்கிறதே?

கார்பன் இரும்பு அணுவின் இடத்தைப் பிடிப்பதில்லை, இடுக்கில் நுழைகிறது. அந்த இடுக்கு ஒரு திசையில் மிகக் குறுகலானது. அதனால் சுற்றுப்புறம் ஒருபக்கமாகக் கோணிக்கொள்ளும், பாதிப்பும் பலமடங்கு. போதாததற்கு, கார்பன் அணுக்கள் டிஸ்லொகேஷனைத் தேடிப் போய்ச் சூழ்ந்து அதை அங்கேயே பூட்டிவிடும். இதை 1949இல் காட்ரெல், பில்பி இருவரும் விளக்கினார்கள்.

சூடாக்கிக் குளிர்வித்த அலுமினியக் கலவை, சும்மா வைத்திருந்தாலே கடினமாகுமாமே?

ஆகும், எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1906இல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் கவனித்தார், ஆனால் காரணம் புரியவில்லை. நடப்பது இதுதான்: சட்டென்று குளிர்வித்ததால், அலுமினியத்துக்குள் கரைந்தபடியே மாட்டிக்கொண்ட செம்பு அணுக்கள், மெல்ல ஒன்றுகூடி ஓரிரு அணு தடிமனே உள்ள தட்டுகளாகின்றன. 1938இல் கினியர், பிரெஸ்டன் இருவரும் தனித்தனியே எக்ஸ் கதிர் கொண்டு அவற்றைக் கண்டுபிடித்தார்கள். தனித்தனி அணுக்களைவிட இந்தத் தட்டுகள் பெரிய தடை. ஆனால் அதிக நேரம் சூட்டில் விட்டால் தட்டுகள் பருத்து, எண்ணிக்கை குறைந்து, இடைவெளி கூடிவிடும். டிஸ்லொகேஷன் இடையில் புகுந்து வளைந்து தப்பிவிடும். வேடிக்கை என்னவென்றால், 1903இல் பறந்த ரைட் சகோதரர்களின் எஞ்சினிலேயே இந்தத் தட்டுகள் இருந்தன. அப்போது அது யாருக்கும் தெரியாது!

உறுதி கூடினால் விறைப்பும் கூடுமா?

பெரிதாக இல்லை. உறுதி என்பது நிரந்தரமாக வளையாமல் தாங்குவது; விறைப்பு என்பது விசை தரும்போது எளிதில் நெளியாமல் இருப்பது. விறைப்பு அணுப் பிணைப்பைப் பொறுத்தது. மிருதுவான எஃகோ கடின எஃகோ, இரண்டுக்கும் விறைப்பு சுமார் 200 கிகாபாஸ்கல்தான்.

அப்புறம் ஏன் மின்கம்பியில் சுத்தமான செம்பு?

டிஸ்லொகேஷனைத் தடுக்கிற வேற்று அணு, மின்சாரத்தைச் சுமக்கும் எலக்ட்ரானையும் சிதறடிக்கும். இரண்டும் வேண்டுமென்றால் கொஞ்சம் குரோமியம் சேர்த்து, சூட்டில் வைத்து நுண்துகள்களாகப் பிரியவிடுவார்கள். செம்புக்குள் கரைந்த குரோமியம் குறைவதால் கடத்துதிறன் பெரும்பாலும் திரும்பிவிடும், துகள்கள் உறுதியைப் பார்த்துக்கொள்ளும்.