கணினி எப்போது வைஃபை தேடுகிறது?

பாளையங்கோட்டையில் கணினி பழுதுபார்த்து வருகிறேன். கணினி தானாக வைஃபை தேடுவது பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் ஆசிரியை: அண்ணாச்சி, ரவுட்டர் முன்கட்டில் இருக்கிறது. பின்கட்டு அறையில் உட்கார்ந்து லினக்ஸ் மடிக்கணினியில் இணைய வகுப்பு எடுக்கிறேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை குரல் வெட்டுகிறது. முன்கட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது. ரவுட்டர் பழுதா?

ரவுட்டர் நன்றாகத்தான் இருக்கிறது அக்கா. நீங்கள் சொன்ன அந்த அரை நிமிடக் கணக்குதான் துப்பு.

வைஃபை அட்டை ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான், அதாவது வைஃபை அலைவரிசையின் ஒரு பகுதியைத்தான் கேட்கும். பக்கத்தில் வேறு ரவுட்டர் உண்டா என்று பார்க்க, இருக்கும் சேனலை விட்டு எழுந்து போக வேண்டும். போகும்முன் "தூங்கப் போகிறேன்" என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டுப் போகும். திரும்பும்வரை ரவுட்டர் தரவைப் பிடித்து வைத்திருக்கும். கோப்பு இறக்கும்போது இந்த இடைவெளி தெரியாது. பேசும்போது உடனே தெரிந்துவிடும்.

லினக்ஸில் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர், இணைப்பு கிடைத்ததும் தேடும் வேலையைச் சப்ளிகண்ட் என்ற நிரலிடம் ஒப்படைத்துவிடும். வீட்டு இணைப்புக்கு அது வைத்திருக்கும் விதி இது: சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்கு (டிபிஎம் என்பது சிக்னல் வலிமையின் அலகு) மேல் இருந்தால் 86,400 வினாடிக்கு ஒருமுறை, அதாவது நாளுக்கு ஒருமுறை தேடு, கீழே இறங்கினால் 30 வினாடிக்கு ஒருமுறை தேடு. பழைய வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்டிப் பின்கட்டுக்கு வரும்போது சிக்னல் அந்தக் கோட்டுக்குக் கீழே போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

ரவுட்டரை நடுக்கட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அதுவே நல்ல வழி. முடியாவிட்டால், இணைப்பு அமைப்பில் பிஎஸ்எஸ்ஐடி என்ற கட்டத்தில் ரவுட்டரின் முகவரியைக் குறித்துவிடுங்கள். பின்னணித் தேடல் நின்றுவிடும். ரவுட்டரின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டுக்கும் முகவரி வேறு வேறு. சுவர் தாண்டி வரும் 2.4-இன் முகவரியைக் குறியுங்கள். வீட்டில் இரண்டு ரவுட்டர் இருந்தால் இதைச் செய்ய வேண்டாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கணினி மாறாது.

மேலப்பாளையம் கடைக்காரர்: கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் எழுந்துவிடுகிறது. லினக்ஸ் கணினி சில சமயம் இரண்டு நிமிடம் கழித்துத்தான் அதைப் பார்க்கிறது.

இணைப்பு அறுந்ததும் முதலில் 3 வினாடியில் தேடும். கிடைக்காவிட்டால் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் 120 வினாடியில் நிற்கும். உங்கள் இரண்டு நிமிடம் அதுதான். வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதுவே புதிய தேடலைத் தொடங்கிவைக்கும்.

வண்ணார்பேட்டை மாணவர்: சார், கல்லூரி வளாகத்தின் சிக்னல் வரைபடம் தயாரிக்கும் நிரல் எழுதுகிறேன். 5 வினாடிக்கு ஒருமுறை தேடச் சொல்லலாமா?

வேண்டாம் தம்பி. ஒரு தேடலின் கணக்கைப் போட்டுப் பார். ரவுட்டர் தன் இருப்பை ஏறத்தாழ 102 மில்லி வினாடிக்கு ஒருமுறை அறிவிக்கிறது. பேசாமல் காத்திருந்து கேட்பதானால் சேனலுக்கு அவ்வளவு நேரம் நிற்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் 13 சேனல். 5 கிகாஹெர்ட்ஸில் இன்னும் பல. விண்டோஸும் ஒரு தேடலை முடிக்க டிரைவருக்கு (அட்டையை இயக்கும் நிரலுக்கு) 4 வினாடி அவகாசம் தருகிறது. 5 வினாடிக்கு ஒருமுறை கேட்டால் அட்டை தன் சேனலில் உட்காரவே நேரமிருக்காது.

இந்தத் தொல்லையால்தான் 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, திரையில் இருக்கும் செயலிக்கு 2 நிமிடத்தில் 4 தேடல், பின்னணியில் இருக்கும் செயலிகளுக்கு எல்லாம் சேர்த்து 30 நிமிடத்தில் ஒன்று என்று வரம்பு போட்டது. கணினியில் அப்படிக் கண்டிப்பு இல்லை என்பதால் பொறுப்பு உன்னுடையது. இயங்குதளம் ஏற்கெனவே வைத்திருக்கும் பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் படி, அதற்குச் செலவில்லை. புதிய தேடலை, பயனர் ஓரிடத்தில் நின்று பொத்தானை அழுத்தும்போது மட்டும் கேள். வரைபடமும் துல்லியமாக வரும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: வைஃபை பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு கூடுமா?

கூடாது. மறைத்த பெயரை வழக்கமான தேடலில் பிடிக்க முடியாது. அதனால் உங்கள் மடிக்கணினி அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுத் தேட வேண்டியிருக்கும். வேய்ந்தான்குளம் பேருந்து நிலையத்தில் திறந்தாலும் அப்படிக் கூப்பிடக்கூடும். பக்கத்தில் கேட்பவருக்கு உங்கள் வீட்டு வைஃபை பெயர் தெரிந்துவிடும். மறைப்பை எடுத்துவிட்டு நீளமான கடவுச்சொல் வையுங்கள்.