காசுக்கேற்ற பணியாரமா? வீட்டு ஆடியோ கேள்வி-பதில்

கே: 8,000 ரூபாய் சவுண்ட்பாரில் 500 வாட் என்று போட்டிருக்கிறது. 20,000 ரூபாய் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் 50 வாட்தான். விலை அதிகம், வாட் குறைவு. எதை நம்புவது?

ப: சவுண்ட்பாரின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட் 18 வோல்ட், 3 ஆம்பியர்' என்றிருந்தால் 18 × 3 = 54 வாட். உள்ளே போவதே 54 என்றால், தொடர்ந்து 500 வாட் எங்கிருந்து வரும்? அடாப்டர் இல்லாத மாடலில் பின்பக்க ஸ்டிக்கரில் 'பவர் கன்சம்ப்ஷன்' வரியைப் படியுங்கள். பிஎம்பிஓ, 'பீக்' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்த, ஒரு கணம் மட்டுமே எட்டும் உச்ச வாட் எண்களைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஆர்எம்எஸ் எண், அதாவது தொடர்ந்து தரும் வாட் வேண்டும். அதுவும் எத்தனை ஓம் ஸ்பீக்கரில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்ற விவரத்தோடு. 8 ஓம், 0.1 சதவீதத்தில் 50 வாட் தருவது வேறு. 4 ஓம், 10 சதவீதத்தில் 50 வாட் தருவது வேறு. 10 சதவீதம் வரும்போது பாட்டு கிழிய ஆரம்பித்திருக்கும்.

வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று பட ஏறக்குறைய 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். அதைவிட ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரு வாட்டுக்கு அது எத்தனை டெசிபல் தருகிறது என்பதைப் பாருங்கள். 84 டெசிபல் ஸ்பீக்கர் 40 வாட்டில் தரும் சத்தத்தை 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும்.

கே: மீட்டர் 900 ரூபாய் ஸ்பீக்கர் ஒயர் போட்டால்தான் ஆம்ப்ளிஃபயர் முழுசாகப் பாடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

ப: வேண்டாம். ஒயரின் மொத்த ரெசிஸ்டன்ஸ், ஸ்பீக்கர் இம்பீடன்ஸில் (அதன் மேல் ஓமில் போட்டிருக்கும் எண்) 5 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். 8 ஓமுக்கு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டருக்கு 0.115 ஓம்தான் வரும். எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் இரண்டு கோர் ஃபிளெக்ஸிபிள் ஒயரே தாராளம். அதே தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் 0.34 ஓம்; 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஆகாது.

ஏமாறுகிற இடம் வேறு. விலை குறைந்த ஸ்பீக்கர் ஒயர் பல, செம்பு பூசிய அலுமினியம். ஒரு இழையை பிளேடால் சுரண்டுங்கள். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம். மாட்டும்போது ஓர் இழைகூட பக்கத்து டெர்மினலைத் தொடக்கூடாது. ஆம்ப்ளிஃபயர் கருகுவதற்கு அந்த ஒரு இழை போதும்.

கே: 300 ரூபாய் எச்டிஎம்ஐ கேபிளுக்கும் 3,000 ரூபாய் கேபிளுக்கும் சத்தத்தில் வித்தியாசம் வருமா?

ப: வராது. டிஜிட்டல் சிக்னல், சரியாகப் போனால் முழுதாகப் போகும், இல்லையேல் படமும் சத்தமும் விட்டுவிட்டு வரும்.

கே: நண்பர் வீட்டு லட்ச ரூபாய் செட், என் 30,000 ரூபாய் செட்டைவிட நன்றாகவே கேட்கிறது. இது பிரமையா, நிஜமா?

ப: நிஜமாக இருக்கலாம். அங்கே ஸ்பீக்கரும் வேறு, அறையும் வேறு. ஆனால் கண்ணும் சேர்ந்துதான் கேட்கிறது. 1994-ல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். திரைக்குப் பின்னால் ஒலித்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய விலை குறைந்த சின்ன பிளாஸ்டிக் செட், கண்ணால் பார்த்துக் கேட்டதும் மதிப்பெண்ணில் சரிந்தது. பெரிய, அழகான பெட்டிகள் ஏறின.

இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை நீங்களே ஒப்பிட வேண்டுமா? ஒரே அறை, ஒரே ஸ்பீக்கர். 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 1.98-க்கும் 2.02-க்கும் நடுவில் வரும்வரை வால்யூமைத் திருகுங்கள். இதைச் செய்யாமல் ஒப்பிடுவது வீண், ஏனென்றால் அரை டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே 'தெளிவு' என்று தோன்றும். பிறகு எது ஓடுகிறது என்று உங்களுக்குத் தெரியாமல் வேறொருவர் மாற்றட்டும். 10 தடவையில் 9 சரியாகச் சொன்னால் வித்தியாசம் உண்மை. ஐந்தோ ஆறோ வந்தால் பூவா தலையா போட்ட மாதிரிதான்.

கே: இயர்போனுக்கு 2,000 ரூபாய் போதுமா, 20,000 வரை போகலாமா?

ப: ஒலிக்காக மட்டும் என்றால் 2,000-லேயே நல்லது கிடைக்கிறது. ஒலி ஆய்வாளர் யெரூன் பிரேபார்ட் 2017-ல் 283 ஹெட்போன், இயர்போன்களின் அளவீடுகளை ஆராய்ந்தார். விலைக்கும் ஃப்ரீக்வன்சி ரெஸ்பான்ஸுக்கும் (பாஸ் முதல் உச்ச ஒலி வரை எதை எந்த அளவில் தருகிறது என்பது) தொடர்பே தெரியவில்லை. கூடுதல் பணம் நாய்ஸ் கேன்சலிங், கட்டுமானம், கழற்றி மாட்டும் கேபிள், சர்வீஸ் ஆகியவற்றுக்குப் போகிறது. அவை தேவையென்றால் கொடுங்கள். வாங்கிய இயர்போனில் பாஸ் இல்லை என்று திருப்பி அனுப்புமுன், கூடவே வந்த மற்ற அளவு டிப்களைப் போட்டுப் பாருங்கள். காது அடைபடாமல் காற்று கசிந்தால் எந்த விலை இயர்போனிலும் பாஸ் போய்விடும்.

கே: 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, டைல்ஸ் தரை. பட்ஜெட் 60,000. எப்படிப் பிரிப்பது?

ப: ஸ்பீக்கர் ஜோடிக்கு 35,000, ஆம்ப்ளிஃபயருக்கு 15,000. மீதியில் ஸ்டாண்டும், ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே விரிக்கக் கனமான கம்பளமும். தனியாக டேக் (டிஜிட்டல் சிக்னலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வேண்டாம். ஆம்ப்ளிஃபயரிலேயே இருப்பது போதும்.

உங்கள் அறையில் பாஸில் 43 ஹெர்ட்ஸும் 57 ஹெர்ட்ஸும் வீங்கும் (ஒலிவேகம் 343-ஐ முறையே அறையின் நீளம், அகலம் இவற்றின் இரு மடங்கால் வகுத்தால் வருபவை). அதனால் நாற்காலியைப் பின்சுவரோடு ஒட்டிப் போட்டால் பாஸ் குமுறும். நீளத்தின் நட்டநடுவில் போட்டால் 43 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். இரண்டுக்கும் இடையே நகர்த்திப் பாருங்கள். ட்வீட்டர் (உச்ச ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில் இருக்கட்டும். பின்பக்கம் துளையுள்ள ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளுங்கள். பிறகு சப்வூஃபர் வாங்கினால், முதலில் அதை நாற்காலி இருக்குமிடத்தில் வைத்து பாட்டு போட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். பாஸ் சீராகக் கேட்கும் இடமே அதற்கு இடம்.

மெல்லிய திரைச்சீலை உச்ச ஒலியை மட்டும்தான் கொஞ்சம் குடிக்கும். பாஸை அடக்க 10 சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையாத ராக்வூல் (கல் இழைப் பஞ்சு) பேனல் மூலைகளில் வேண்டும். முட்டை அட்டையை ஒட்டச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

கே: 5,000 ரூபாய் சூட்கேஸ் ரெக்கார்ட் பிளேயர் வாங்கலாமா?

ப: இங்கே விலை பேசும். இந்த வகையில் பல, செராமிக் கார்ட்ரிட்ஜோடு (ஊசி பொருந்தியிருக்கும் பகுதி) ஊசியை 5 கிராம் அளவுக்கு அழுத்துகின்றன. மூவிங் மேக்னெட் என்ற வேறு வகைக் கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். அதிக எடையில் இசைத்தட்டும் ஊசியும் சீக்கிரம் தேயும். எடையைத் திருகிச் சரிசெய்யும் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை), மாற்றக்கூடிய கார்ட்ரிட்ஜ் இரண்டும் உள்ள மாடலுக்குக் குறைவாக வாங்க வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயருக்கான 'ஃபோனோ' இன்புட் இல்லையென்றால், அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பிரீஆம்ப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: பழைய ஜப்பான் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் 12,000-க்கு வருகிறது. எதைச் சோதிப்பது?

ப: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு ஓடாமல், ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரால் டிசி வோல்ட் அளவிடுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் நல்லது, 100-ஐத் தாண்டினால் ரிப்பேர் செலவு உண்டு. வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் கவலையில்லை, கான்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும். வூஃபரை (பாஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) சுற்றியுள்ள வளையம் ஃபோமா, ரப்பரா என்று பாருங்கள். ஃபோம் என்றால் விரலால் லேசாகத் தொட்டதும் பொடியாக உதிரும். நம் ஈரப்பத ஊரில் 10, 15 வருடத்தில் அது வழக்கம்தான். வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சென்னை ரிச்சி தெருப் பக்கம் விசாரியுங்கள். அந்தக் கூலியை 12,000-லிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள்.