ஸ்விம்மிங் பூல் நீந்துமா?

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'ஸ்விம்மிங் பாய்' என்பதில் ஸ்விம்மிங் பார்ட்டிசிப்பிள், 'ஸ்விம்மிங் பூல்' என்பதில் அதே சொல் ஜெரண்ட் என்று கைடில் இருக்கிறது. இரண்டும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தானே நிற்கின்றன? இன்னொன்று: 'லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங்' என்பதில் 'டு'வுக்குப் பிறகு ஐஎன்ஜி எப்படி வந்தது?

பதில்: கைடு சொல்வது சரிதான். காரணத்தைத்தான் முழுங்கிவிட்டது.

பையன் நீந்துகிறான், குளம் நீந்துவதில்லை. ஐஎன்ஜி சொல்லுக்குப் பின்னால் நிற்கும் பெயர் அந்த வேலையைத் தானே செய்தால் அது பார்ட்டிசிப்பிள், அதாவது பெயரெச்சம். செய்யாமல், அந்த வேலைக்கு உதவும் பொருளாகவோ இடமாகவோ இருந்தால் ஜெரண்ட், அதாவது தொழிற்பெயர். 'ரன்னிங் வாட்டர்' ஓடுகிறது, எனவே பார்ட்டிசிப்பிள். 'டிரிங்கிங் வாட்டர்' எதையும் குடிப்பதில்லை, எனவே ஜெரண்ட். வாக்கிங் ஸ்டிக் நடக்காது, ஸ்லீப்பிங் பில் தூங்காது.

இவ்வளவு எளிய விஷயம் நமக்குக் குழம்புவதற்குக் காரணம் நம் பெயரெச்சம்தான். அது ரொம்பத் தாராளம். பெயரெச்சம் கொண்டு முடியும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். வெட்டிய ஆள், வெட்டிய அரிவாள், வெட்டிய இடம், வெட்டிய வெட்டு, வெட்டிய நாள், வெட்டிய மரம் என்று ஆறும் நம் காதுக்கு இயல்பாக இருக்கின்றன. ஆங்கிலத்தின் ஐஎன்ஜி பார்ட்டிசிப்பிளுக்கு இந்த ஆறில் முதல் ஆள் மட்டும்தான் சொந்தம். 'நீந்தும் பையன்', 'நீந்தும் குளம்' இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியவர்களுக்கு அந்தக் கஞ்சத்தனம் சட்டென்று பிடிபடாது. ஆனால் பாருங்கள், பெயர்ப்பலகை எழுதும்போது நாமே 'நீச்சல் குளம்' என்றுதான் எழுதுகிறோம். நீச்சல் தொழிற்பெயர். கைடு சொன்னதும் அதைத்தான்.

'ஐ ஆம் போரிங்' என்று சொல்லி மாட்டிக்கொள்வதும் இதே கணக்கில் வரும். போரிங் என்றால் சலிப்பைத் தருகிற ஆள். சலித்துப்போய் உட்கார்ந்திருப்பவர் 'போர்டு'. செய்பவனுக்கு ஐஎன்ஜி, செயலுக்கு ஆளானவனுக்குப் பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்.

காதாலும் கண்டுபிடிக்கலாம். 'ஸ்விம்மிங் பூல்' என்னும்போது அழுத்தம் முதல் சொல்லில் விழும். 'ஸ்விம்மிங் பாய்' என்னும்போது 'பாய்' என்ற சொல்லும் அழுத்தம் பெறும். எழுத்துத் தேர்வில் இது உதவாது, சரி.

ஆங்கிலத்தில் இவை ஆதியிலேயே ஒரே வடிவம் அல்ல. பழைய ஆங்கிலத்தில் தொழிற்பெயருக்கு 'உங்', 'இங்' என்ற விகுதிகள். பார்ட்டிசிப்பிளுக்கு 'எண்டெ' என்று வேறொரு விகுதி. இடைக்கால ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே ஐஎன்ஜியில் வந்து கலந்துவிட்டன. இன்றைய இலக்கண அறிஞர்கள் சிலர் இரண்டையும் பிரிக்கவே வேண்டாம் என்கிறார்கள். எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான், ஆனால் வினாத்தாள் எடுப்பவர் அவர்கள் கட்சி இல்லையே!

அப்புறம் உங்கள் 'டு'. ஆங்கிலத்தில் 'டு' இரண்டு உண்டு. 'ஐ வாண்ட் டு கோ' என்பதில் வருவது வினையோடு ஒட்டியது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் வருவது வெறும் முன்னிடைச்சொல், நம் 'கு' உருபு மாதிரி. உருபு பெயரைத்தான் கேட்கும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பாருங்கள். 'லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்' பொருந்துகிறது, ஆகவே ஹியரிங்கும் பொருந்தும். 'ஐ வாண்ட் டு யுவர் லெட்டர்' இடிக்கிறது, ஆகவே அங்கே 'கோ'தான். 'ஐ ஆம் யூஸ்டு டு வேக்கிங் அப் எர்லி' என்றால் சீக்கிரம் எழுந்து பழகிவிட்டது; 'ஐ யூஸ்டு டு வேக் அப் எர்லி' என்றால் முன்பு எழுந்துகொண்டிருந்தேன், இப்போது இல்லை. இந்த ஜோடியைத் தேர்வில் விரும்பிக் கேட்பார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'வாக்கிங் டு த பஸ் ஸ்டாண்ட், த ரெய்ன் ஸ்டார்ட்டட்' என்று எழுதாதீர்கள். 'நடந்து போகும்போது மழை வந்தது' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கில வாக்கியத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனது மழை.