மலைப்பாம்பு வளர்க்கலாமா? டெல்டா வாசகர்களின் கேள்விகள்

கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கிறேன். பாம்பு வளர்த்துப் பழக்கமில்லை. பர்மா மலைப்பாம்புக் குட்டி ஒன்று வாங்க ஆசை. சின்னதிலிருந்தே கையில் வைத்துப் பழக்கினால் சாதுவாகிவிடும்தானே? எங்கள் ஊரில் எலிக்கும் பஞ்சமில்லை. (மன்னார்குடி)

வேண்டாம் தம்பி. இந்தப் பேச்சை முடிக்கச் சட்டம் ஒன்றே போதும். பர்மா மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலக் காடுகளிலும் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், புலி, யானை இருக்கும் முதல் அட்டவணையில்தான் மலைப்பாம்பும் வருகிறது. அந்த அட்டவணை உயிர்கள் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் தனி.

சரி, சட்டமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். முட்டையிலிருந்து வரும்போது ஏறக்குறைய இரண்டடிதான் இருக்கும். தீனி ஒழுங்காகக் கிடைத்தால் இரண்டு, மூன்று ஆண்டுக்குள் 8 அடியைத் தாண்டிவிடும். பெண் பாம்பு 12 முதல் 16 அடிவரை வளரும். ஆயுள் 20 ஆண்டுக்கு மேல். படிப்பு முடிந்து நீ சென்னைக்கோ துபாய்க்கோ போன பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார்? அம்மாவா?

சாதுவாகுமா என்றால், பெரிய இனங்களில் இது ஓரளவு அமைதியான பாம்புதான். ஆனால் வளர்த்தவர் என்று உன்னிடம் அதற்குத் தனிப் பாசம் வராது. உதட்டோரக் குழிகளால் வெப்பத்தை உணர்கிற பிராணி அது. கோழியைத் தொட்ட கையோடு கூண்டைத் திறந்தால் அந்தக் கையும் இரைதான். சுற்றி இறுக்கிவிட்டால் ஒற்றை ஆளால் பிரிக்க முடியாது. அதனால்தான் 8 அடிக்கு மேற்பட்ட பாம்பைத் தனியாகக் கையாளக் கூடாது என்பது அனுபவசாலிகளின் கட்டுப்பாடு. அதை மீறி, வளர்த்தவரே இறந்த சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு.

எலி விஷயத்தில்தான் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். வயல் எலி எலிமருந்து தின்றிருக்கலாம். தின்று உடனே சாகாமல் இரண்டு, மூன்று நாள் நடமாடும் எலியும் உண்டு. அந்த விஷம் பாம்புக்கும் போய்ச் சேரும். வயிற்றுப் புழுக்கள் வேறு. தவிர, வளர்ந்த பாம்புக்கு எலி எந்த மூலைக்கு? முயலும் முழுக் கோழியும் வேண்டும்.

தீனிக்கு அப்புறம் சூடு. பாம்புக்குக் கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் மறுபக்கம் 26 அளவிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் வேண்டிய பக்கம் நகர்ந்து உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். சித்திரை வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைத்த கண்ணாடிப் பெட்டி பாம்பைக் கொன்றுவிடும். மார்கழி இரவில் சூடு குறைந்தால் விழுங்கியதைக் கக்கிவிடும். சளி பிடித்து நுரையீரல் கெடும். அந்த நேரத்தில் பாம்புக்கு வைத்தியம் தெரிந்த கால்நடை மருத்துவரைத் திருவாரூர் மாவட்டத்தில் தேடிப் பார், தெரியும்.

என் மகனுக்கு 14 வயது. பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு சின்னது, விஷமில்லாதது, காகிதம் இருந்தால் சட்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்கிறான். உண்மையா? (கும்பகோணம்)

அவன் சொல்வதில் பாதிக்கு மேல் உண்மைதான் அம்மா. மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. பெரும்பாலும் 3 முதல் 5 அடி. விஷமில்லை.

சிக்கல் அந்தக் காகிதத்தில்தான். 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இதுபோன்ற வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். கை மாறினாலும் குட்டி போட்டாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடிப்பது அடிக்கடி வரும் செய்தி. வாட்ஸாப்பில் விற்பவர் காட்டும் ரசீதை நம்பாதீர்கள்.

இன்னொன்று, இது 20, 30 ஆண்டு வாழும். மாதக்கணக்கில் சாப்பிடாமல் அடம்பிடிக்கும். புதிதாக வளர்ப்பவர் பதறிப்போவார். இப்போதைக்கு மகனைக் கிண்டி பாம்புப் பண்ணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணைக்கும் அழைத்துப் போங்கள். இருபத்தைந்து வயதில் ஆசை அப்படியே இருந்தால் பார்க்கலாம்.

அறுப்பு வயலில் சின்ன மலைப்பாம்பு கிடைத்தது. பிள்ளைகள் வளர்க்கக் கேட்கிறார்கள். (திருத்துறைப்பூண்டி)

முதலில் அது மலைப்பாம்புதானா ஐயா? கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று கையில் எடுப்பது உயிருக்கே ஆபத்து. விரியன் முதுகில் கருவளையத் திட்டுகள் சங்கிலி கோத்த மாதிரி மூன்று வரிசையாக ஓடும். தொந்தரவு செய்தால் குக்கர் விசில் போலச் சீறும். மலைப்பாம்பின் திட்டுகள் ஒழுங்கற்ற பெரிய துண்டுகள், செதில் வழுவழுப்பு. சந்தேகம் இருந்தால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். மலைப்பாம்பே ஆனாலும் வளர்க்க அனுமதி கிடையாது. வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மண்ணுளிப் பாம்புக்கு லட்சக்கணக்கில் தருவதாக ஒருவர் சொல்கிறார்... (சீர்காழி)

மோசடி. பாம்பை எடை போடவும் ஆள் வருவார், முன்பணமும் கேட்பார், கடைசியில் வழக்கு உங்கள் மேல். அதற்கு இரண்டு தலையும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை.

மலைப்பாம்பு குழந்தையை விழுங்குமா? (வேதாரண்யம்)

நம் ஊர் மலைப்பாம்பு மனிதரைத் தாக்குவது மிக அரிது. ஆட்டுக்குட்டி, கோழி போகலாம். இந்தோனேசியாவின் சுலவேசியில் 2017இலும் 2018இலும் மனிதரை விழுங்கியது வலைமலைப்பாம்பு, உலகின் மிக நீளமான இனம். ஆனால் வீட்டுக்குள் வளர்க்கும் பாம்பைப் பற்றிக் கேட்டால் என் பதில் வேறு. 2013இல் கனடாவில், செல்லப்பிராணிக் கடையின் மாடியில் வளர்த்த ஆப்பிரிக்கப் பாறைமலைப்பாம்பு காற்றோட்டக் குழாய் வழியே தப்பித்து, தூங்கிக்கொண்டிருந்த 4, 6 வயது சகோதரர்கள் இருவரைக் கொன்றது. பெட்டிப் பூட்டு எவ்வளவு உறுதியோ அவ்வளவுதான் பாதுகாப்பு.

நண்பரிடம் வெளிநாட்டு மலைப்பாம்பு ஒன்று இருக்கிறது. சமாளிக்க முடியவில்லை. கொள்ளிடம் படுகையில் விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

கூடவே கூடாது. அமெரிக்காவின் புளோரிடாவில் தப்பியதும் விடப்பட்டதுமாகச் சேர்ந்த பர்மா மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் பெருகி, முயலும் ரக்கூனும் கண்ணில் படாதபடி செய்துவிட்டன. 2017இல் அவற்றைத் தேடிப் பிடிக்க இங்கிருந்துதான் இருளர் சமூகத்து மாசி சடையனும் வடிவேல் கோபாலும் போனார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. தண்ணீரும் நாணலும் நீர்ப்பறவைகளும் உள்ள நம் படுகையும் அந்தப் பாம்புக்குப் பிடித்துப்போகும்.

உங்கள் நண்பர் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு, மாவட்ட வன அலுவலகத்துக்குத் தாமாகப் போய் எழுத்தில் கொடுக்கட்டும். அதுவரை பெட்டியைப் பூட்டி வைக்கட்டும்.