அப்பா உயிலில் எல்லாம் அண்ணனுக்கு, அம்மாவுக்கும் தங்கைக்கும் ஒன்றுமில்லையா?

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துப் போச்சு. வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது, நிலம் தாத்தா வழி வந்தது என்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 30-ஆம் பிரிவின்படி சுயசம்பாத்தியத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். அது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனாலும் சட்டம் அதுதான்.

நிலம்தான் முக்கியம். தாத்தா சொத்தெல்லாம் பூர்வீகச் சொத்து ஆகிவிடாது. தாத்தா 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்து, அவருடைய தனிச் சொத்து அப்பாவுக்கு வாரிசாக வந்திருந்தால், அதுவும் அப்பாவின் தனிச் சொத்துதான். கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து பாகம் பிரியாமல் வந்த கூட்டுக்குடும்பச் சொத்து என்றால், 2005 திருத்தத்தின்படி உங்களுக்கும் தங்கைக்கும் பிறப்பாலேயே பங்கு உண்டு. அப்பா தன் பங்கை மட்டுமே உயிலில் எழுத முடியும். அதனால் முதலில் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள்.

அம்மா, திருமணமாகாத தங்கை இருவருக்கும் இன்னொரு வழி உண்டு. பலரும் இதைச் சொல்வதில்லை. 1956-ஆம் வருட இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 22-ஆம் பிரிவின்படி, உயிலில் பங்கு கிடைக்காத சார்ந்தோர், சொத்தைப் பெற்றவரிடம் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் கேட்கலாம்.

உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டார்களா? அண்ணனே முன்னின்று எழுத வைத்தாரா? அவர் அப்படி எழுத வைத்திருந்தால், உயில் மீது எழும் சந்தேகத்தைத் தீர்க்கும் பொறுப்பு அவருடையது. அதுவரை பங்கை விட்டுக்கொடுக்கும் எந்த விடுதலைப் பத்திரத்திலும் அம்மாவைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.