மங்கி பீச்சில் ஏன் ஒன்றும் தெரியவில்லை?

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு பினாங்கின் தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்குப் போனோம். முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு மங்கி பீச்சில் இறங்கினால் சொந்தக் கையே தெரியவில்லை. பாதுகாக்கப்பட்ட கடல் என்கிறார்களே, அங்கே உயிரினமே இல்லையா? பவளப்பாறை பார்க்க எங்கே போவது? (வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: நம் பக்கத்து மலாக்கா நீரிணை ஆழம் குறைந்தது, அடியில் சேறு. மூடா, பிறை ஆறுகள் கொண்டுவரும் வண்டலை ஏற்றமும் வற்றமும் தினமும் கிளறிவிடுகின்றன. பவள உயிரிக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். கலங்கிய நீரில் வெயில் கீழே இறங்காது. அதனால் நீங்கள் தேடிய வண்ணப் பவளத்தோட்டம் அங்கே கிடையாது.

ஆனால் சேற்றில் உயிருக்குப் பஞ்சமில்லை. சார் குவே தியா நூடுல்ஸில் போடுகிறார்களே கெராங் சிப்பி, அது சேற்றில் வளர்வதுதான். பினாங்குப் பாலத்துக்குப் பக்கத்தில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே மிடல் பேங்க் என்ற திட்டு இருக்கிறது. கடல் நன்றாக வற்றும் நாளில் அங்கே பச்சையாகக் கடற்புல் வெளியே தெரியும். அது பாசி அல்ல; வேர்விட்டு, பூத்துக் காய்க்கும் செடி. மீன் குஞ்சுகளும் இறால்களும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. தினமும் பாலத்தைக் கடக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்!

அடுத்த முறை தேசியப் பூங்காவுக்குப் போனால் முகக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு நடந்து போங்கள். அங்கே பச்சை ஆமைகள் முட்டையிட வருகின்றன. மீன்வளத் துறையின் ஆமைக் காப்பகமும் உண்டு. மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள், குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம் என்று சொன்னால் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பக்கத்திலேயே உள்ள ஏரியில் மேலே நன்னீர், கீழே உப்பு நீர்; இரண்டும் கலக்காமல் கிடக்கும். மழையில்லாத மாதங்களில் ஏரி வற்றிப்போவதும் உண்டு.

சரி, பவளப்பாறைதான் வேண்டும் என்றால் கெடா மாநிலத்தின் பாயார் தீவு. லங்காவியிலிருந்து படகில் போகலாம். பாயார், லெம்பு, காச்சா, செகந்தாங் என்ற நான்கு தீவுகளும் சுற்றியுள்ள கடலும் சேர்ந்தது அந்தக் கடல் பூங்கா. கரையோரத்திலேயே கருமுனைச் சுறாக் குட்டிகள் சுற்றி வரும், பயப்பட வேண்டாம். ஆனால் ரொட்டி போடாதீர்கள், பவளத்தின் மேல் நிற்காதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். பினாங்கின் வடகரையில் பெட்டி ஜெல்லி மீன்கள் உண்டு. கலங்கிய நீரில் கண்ணுக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு முழுக்கை நீச்சலுடை போடுங்கள், பையில் ஒரு போத்தல் வினிகர் வையுங்கள். கொட்டினால் மணலால் தேய்க்காமல் வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள். மூச்சு திணறினால் உடனே 999.